காலி அறையில் தொங்கிய மைக்

கண்ணு,

இதை ஃபோனில் படம் எடுத்து, மெஷினிடம் கொடுத்து இங்கிலீஷில் மாற்றிப் படித்துவிடலாம் என்று நினைக்காதே. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நடுவில் சண்டைக்கு வர முடியாது. போன வாரம் நீ ஃபோனில் ஆசை ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாய், நான் பட்டென்று வைத்துவிட்டேன். அப்புறம் நீ திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. "அம்மாவுக்கு என் மியூசிக்கும் பிடிக்கல, என் கல்யாணமும் பிடிக்கல" என்று சாயலியிடம் புலம்பினாயாமே. அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். மருமகளாக வரப்போகிறவள் இப்போதே மாமியாரிடம் புருஷனைப் பற்றிக் கோள் சொல்கிறாள், நல்ல சகுனம்தான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு உன் மியூசிக்கும் பிடிக்கும், உன் கல்யாணமும் பிடிக்கும். நான் ஃபோனை வைத்தது பயத்தில்.

நீ கேட்டதை நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று. நீ பிறப்பதற்கு முன்னால் நானும் உன் அப்பாவும், நீ காகா காகா என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுகிற மிலிந்தும் சேர்ந்து 'தகரம்' என்று ஒரு ராக் குழு வைத்திருந்தோம். மூன்று ஆல்பம் போட்டோம், மூன்றும் கேசட். காசு கொடுத்து வாங்கினவர்களைவிட வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்கள் அதிகம். இப்போது வெளிநாட்டில் யாரோ ஒரு சின்னக் கம்பெனிக்காரனுக்கு அந்த மூன்றையும் திரும்ப வெளியிட ஆசை வந்திருக்கிறது. நீ சத்தத்தையே தொழிலாக வைத்திருப்பவன், அதனால் பாட்டுகளைச் சுத்தம் செய்து தருகிற வேலையை நீயே எடுத்துக்கொண்டாய். மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு பாதியில் வெட்டியிருக்கிறது, அதன் ஒரிஜினல் டேப் என் பீரோவில் இருக்கிறதா என்று கேட்டாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கோந்த்வாவில் வாங்கின ஃபிளாட்டில் ஓர் அறை முழுக்கப் பஞ்சு அடித்து, ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி தடியான கதவு போட்டு, ரெக்கார்டிங் ரூம் ஆக்கிவிட்டதாகச் சொன்னாய். கல்யாணத்துக்கு முன்னால் நான் வந்து அந்தப் பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டுமாம். "ஸுனோ நா மா, நீ ஹால்ல உக்காந்து பாடு. நான் உள்ள ரூம்ல டோர் பந்த் பண்ணிட்டு, காலி மைக் பக்கத்துல சும்மா முனகுறேன். பழைய மாதிரியே வரும்" என்றாய். அங்கேதான் நான் வைத்தேன்.

நாங்கள் எப்படி அந்தக் கூத்தை ஆரம்பித்தோம் என்பதை உன் அப்பா உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பார். கட்கி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நம் தமிழ்க்காரர்கள் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பாடுகிற பெண் நான். உன் அப்பா ஃபேக்டரியில் லேத் ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்க மாட்டார். ஒரு பழைய தகர ஷீட்டை வளைத்து, அதில் பிரேக் கம்பிகளை இழுத்துக் கட்டி, வில் வைத்து இழுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய்கள் எல்லாம் ஊளையிடும். மிலிந்த், தாபோடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன். அவன் ஒருநாள் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடிப்போகாமல் உட்கார்ந்துகொண்டான். அப்படி ஒருத்தன் கிடைத்தால் விடுவாரா உன் அப்பா? மிலிந்தின் மாமா சாங்வியில் ஆற்றோரமாக வீடு கட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி வைத்திருந்தார். கூரை உண்டு, பூச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் அங்கே போய்விடுவோம். கட்டிட வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவில்லை. எங்கள் சத்தமும் கட்டிட வேலை மாதிரிதான் இருந்தது.

மிலிந்திடம் நாலு டிராக் ரெக்கார்டர் ஒன்று இருந்தது. எனக்கு ஒரு டிராக், அப்பாவுக்கு ஒன்று, மிலிந்தின் கீபோர்டுக்கு ஒன்று. நாலாவது சும்மா இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதில் இன்னொரு வாத்தியத்தைச் சேர்த்திருப்பார்கள். மிலிந்த் என்ன செய்தான் தெரியுமா, பக்கத்து அறையில் கூரைக் கம்பியிலிருந்து ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, அந்த அறையின் கதவைச் சாத்திவிட்டான். நாங்கள் இந்த அறையில் வாசிக்க வாசிக்க, யாருமே இல்லாத அந்த அறை நாலாவது டிராக்கில் பதிவாகும். அதைத்தான் காலி மைக் என்போம். பாட்டை மிக்ஸ் செய்யும்போது எங்கள் மூன்று பேர் சத்தத்தை ஏற்றலாம், இறக்கலாம். நாலாவதைத் தொடக் கூடாது. அதன் குமிழ்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவான். "நாம வாசிக்காத எடத்துல இன்னா கேட்டுச்சோ அதுவும் பாட்டுதான்" என்பது அவன் கட்சி. அவன் அதை மராத்தியில் சொல்வான், உன் அப்பா எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒருநாளும் அந்தப் பிளாஸ்திரியை உரித்ததில்லை.

அதனால்தான் முதல் ஆல்பம் அப்படி ஏறியும் இறங்கியும் கிடக்கிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற பாட்டின்மேல் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு பாட்டில் புறா சிறகடிக்கிற சத்தம் மட்டும்தான் தெளிவாகக் கேட்கும், நான் எங்கேயோ கிணற்றுக்குள் கத்துவேன். நீ அதைக் கேட்டுவிட்டு, "யாரு மா மிக்ஸ் பண்ணது, தூங்கிட்டே பண்ணாரா?" என்று சிரித்தாய். சிரி. எங்களுக்கே சிரிப்புத்தான். ஆனால் இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டபோது நீ சிரிக்கவில்லை. ஒரு பாட்டு குப்பை, அடுத்த பாட்டு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, அதற்கடுத்தது திரும்பவும் குப்பை, ஒரே ஆள் எப்படி இப்படியும் பாடி அப்படியும் பாட முடியும் என்று கேட்டாய். நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உனக்குச் சொல்ல வேண்டிய பதில் இருந்தது, சொல்லத் தைரியம் இல்லை.

பதில் இதுதான். இரண்டாவது ஆல்பத்துக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்த்தையே இல்லாமல் வாய்க்கு வந்ததைப் பாடினேன். அடுத்து என்ன பாடப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பாடி முடித்துப் போட்டுக் கேட்டால், நான் பாடுவதற்குக் கொஞ்சம் முன்னால், மெல்லிசாக, அதே ராகத்தை யாரோ முனகுகிறார்கள். முதலில் அந்தக் குரல் வருகிறது, அப்புறம் நான் வருகிறேன். மிலிந்த் நாலாவது டிராக்கை மட்டும் தனியாகப் போட்டான். அதில்தான் இருந்தது. நான் பயந்துபோய்விட்டேன். அவன் பயப்படவில்லை, எங்களுக்குப் பாடம் எடுத்தான். டேப் சுற்றின்மேல் சுற்றாக ஒட்டிக்கொண்டு கிடப்பதால், ஒரு சுற்றில் இருக்கிற சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும், அதனால் சில சமயம் சத்தம் வருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் கேட்கும் என்றான். மடித்து வைத்த சேலையில் ஒரு மடிப்பின் சாயம் அடுத்த மடிப்பில் ஒட்டுமே, அப்படி. அது உண்மையாகவே நடக்கிறதுதான், நீயும் படித்திருப்பாய். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. உன் அப்பாதான் தகரத்தைத் துடைத்துக்கொண்டே, "அப்டின்னா ஒட்டிக்கினது இவ குரலா இல்ல இருக்கணும். இது ஆம்பளக் குரலாச்சே" என்றார். மிலிந்த் திரும்பப் போட்டான். ஆண் குரல்தான். இன்னும் முழுசாக முற்றாத, இளைய ஆண் குரல். நான் பாட்டின் நடுவில் ஓரிடத்தில் இருமியிருந்தேன். அந்தக் குரல் இருமவில்லை. நான் இருமப்போகிற இடத்துக்குச் சற்று முன்னால் நின்று, எனக்காகக் காத்திருந்துவிட்டு, மறுபடி தொடர்ந்தது.

எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அது வரவில்லை. வராத நாளில் நான் பாடினது எல்லாம் நீ குப்பை என்று சொன்ன பாட்டுகள். வந்த நாளில் பாடினது உன்னைச் சிலிர்க்க வைத்த பாட்டுகள். கொஞ்ச நாளில் எனக்குப் பயம் போய்ப் பேராசை வந்துவிட்டது. நாலாவது டிராக்கை என் ஹெட்ஃபோனிலேயே கேட்கும்படி இணைத்துக் கொடு என்று மிலிந்தைக் கேட்டேன். அப்புறம் எனக்குக் கஷ்டமே இல்லை. அது முன்னால் போகும், நான் பின்னாலேயே போவேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தர் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்கிற மாதிரி இருக்கும். மூன்றாவது ஆல்பத்தில் நல்லது என்று நீ குறித்து வைத்திருக்கிறாயே, அதில் ஒன்றுகூட என் பாட்டு இல்லை. எல்லாம் அந்த அறையிலிருந்து வந்தது.

கடைசிப் பாட்டு எடுத்த அன்றைக்கும் நல்ல வெயில். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு பாதி போயிருக்கும். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த குரல் முனகுவதை நிறுத்திவிட்டது. நானும் நிறுத்தினேன். அப்பாவின் தகரம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில், காதுக்குப் பக்கத்தில், சாதாரணமாக வீட்டில் பேசுகிற மாதிரி, "அம்மா, கதவு தெறக்க மாட்டேங்குது. தெறம்மா" என்று கேட்டது. அப்போது நீ என் வயிற்றில்கூட இல்லை. அதுவரை என்னை அம்மா என்று கூப்பிட இந்த உலகத்தில் யாரும் இல்லை. ஆனால் அது என்னைத்தான் கூப்பிடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப்போய் அந்தக் கதவைத் திறந்தேன். சுலபமாகத் திறந்துகொண்டது, தாழ்ப்பாளே போடவில்லை. செங்கல் சுவர், கம்பி போட்ட ஜன்னல், மூலையில் ரெண்டு சிமெண்ட் மூட்டை. யாரும் இல்லை. காற்றே இல்லாத மதியத்தில் மைக் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்திலிருந்து யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. அப்பா மொட்டைமாடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மிலிந்த், தெருப்பிள்ளைகள் வேலை என்றான். தெருப்பிள்ளைகள் எல்லாம் மராத்தி பேசுகிறவர்கள் என்று அவனுக்கே தெரியும். நான் அதற்கப்புறம் பாடவில்லை. மிலிந்த் அந்தப் பாட்டை அந்த இடத்திலேயே வெட்டி ஆல்பத்தை முடித்தான். ஒரிஜினல் கேசட்டை உன் அப்பா பீரோவில் என் கல்யாணச் சேலைக்குக் கீழே வைத்தார். அதை நான் எடுத்துப் போட்டுக் கேட்டதே இல்லை.

அப்புறம் நீ பிறந்தாய், நிக்டிக்கு வீடு மாறி வந்தோம், பள்ளிக்கூடம், டியூஷன், பரீட்சை என்று அந்தக் கதை எங்கேயோ அடியில் போய்விட்டது. உனக்குக் குரல் உடைந்தது. ஒருநாள் சாயங்காலம் வாசலில் சைக்கிளைக் கழுவிக்கொண்டே முனகினாய். நான் சமையலறையில் பருப்பு கடைந்துகொண்டிருந்தேன். அது இரண்டாவது ஆல்பத்தில், நான் இருமின அந்தப் பாட்டு. அந்தக் கேசட்டை நீ அதுவரை பார்த்ததுகூட இல்லை. ராகத்தை விடு, ராகம் எங்கேயாவது காதில் விழுந்திருக்கலாம். குரல்? நான் வெளியே வந்து, "வீட்டுல முனகாதடா, தரித்திரம்" என்று கத்தினேன். அன்றிலிருந்து நீ எப்போது முனகினாலும் கத்தினேன். என் அம்மாவுக்கு மியூசிக்கே பிடிக்காது என்று நீ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வளர்ந்தாய். அப்படி உன்னை நினைக்க வைத்தது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. நான் கத்தினது உன்னை இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நீ போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்றுதான்.

உன் அப்பா அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நீ முனகினது அவர் காதிலும் விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நம் வீட்டில் உள்பக்கம் இருந்த எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். பாத்ரூமில்கூட விடவில்லை. "துரு புடிச்சிருச்சு, வேற போடணும்" என்றார். கடைசிவரை வேறு போடவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் நான் போடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை, ஆனால் ரெண்டு பேரும் ஒரே பயத்தில்தான் படுத்து எழுந்தோம். உன் சிநேகிதர்கள் வந்தால், உள்ளே ஆள் இருப்பது தெரிய பாத்ரூமுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று உனக்கு எவ்வளவு கோபம்! சாயலி முதல்முறை நம் வீட்டுக்கு வந்தபோது அவளும் பாத்ரூமில் தாழ்ப்பாள் இல்லாமல் மாட்டிக்கொண்டாள். ஸ்கூலில் பிள்ளைகளை விளையாட விட்டுக் கத்திக் கத்தி, நிரந்தரமாகத் தொண்டை கட்டின குரல் அவளுக்கு. "ராஜே, தும்ச்ச கர் ஆஹே கீ ஸ்டேஷன்?" என்று உன்னைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். இது வீடா ஸ்டேஷனா என்று. சிரிப்பின் நடுவில் விக்கல் மாதிரி ஒரு மூச்சை உள்ளே இழுப்பாளே, அந்தச் சிரிப்பு. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உன்னை ராஜே என்று கூப்பிடுகிறவள் உன்னை ராஜாவாகவெல்லாம் வைத்துக்கொள்ள மாட்டாள் என்பதும் புரிந்துவிட்டது.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டுமே. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உன் அப்பாவும் நானும் ஒத்துப்போன ஜோடி என்று ஊரெல்லாம் பேசும். ஒத்தெல்லாம் போகவில்லை. மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத காலம் உண்டு. ஆனால் அவர் மனசில் ஒரு மூலை இருந்தது, அங்கே என்ன ஓடுகிறது என்று நான் கிண்டிக் கேட்டதில்லை. எனக்கும் ஒன்று இருந்தது, அவரும் கேட்கவில்லை. நீ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டு, இரைச்சலைத் தனியாகப் பிரித்து, ஏற்ற இறக்கத்தை நிரவிப் பழகினவன். சாயலியிடம் அந்த வேலையைக் காட்டாதே. அவள் கோபமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். காரணம் தெரிந்தே ஆக வேண்டும் என்று பின்னாலேயே நடக்காதே, கொஞ்சம் கழித்து அவளே டீ போட்டுக்கொண்டு வருவாள், அல்லது உன்னைப் போடச் சொல்வாள்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். உன் ஃபோனை வைத்த பிறகு மிலிந்தைக் கூப்பிட்டேன். அவனுக்கு இப்போது ஒரு காது சுத்தமாகக் கேட்காது, ஃபோனில் அவன்தான் கத்துவான். பையன் அந்தக் கடைசிப் பாட்டின் டேப்பைக் கேட்கிறான், கொடுக்கலாமா என்றேன். தாராளமாகக் கொடு, அதில் என்ன இருக்கிறது என்றான். "அந்தக் குரலுக்கு அப்புறம் டேப்புல எதாவது கீதா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. அவன் யோசிக்கக்கூட இல்லை. "காய் நாய் க, ஒண்ணும் இல்ல. அப்புறம் நீ போய்க் கதவைத் திறந்துட்டுச் சிரிக்கிற, அவ்ளோதான்" என்றான். அன்றைக்கு நான் அழுதேன், கண்ணு. உன் அப்பா தோளைப் பிடித்து உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். நான் சிரிக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே கேசட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாங்விக்கு பஸ் ஏறினேன். அந்தப் பாதி வீடு இப்போது முழு வீடு, மிலிந்த் அதில்தான் இருக்கிறான். நாங்கள் வாசித்த அறை அவன் ஹால். மைக் தொங்கின அறை அவன் சமையலறை. ரெக்கார்டர் இன்னும் உயிரோடு இருந்தது, உள்ளே சுற்றுகிற ரப்பர் பெல்ட்டை மாற்றி வைத்திருக்கிறான். கேசட்டைப் போட்டு, நாலாவது டிராக்கை மட்டும் திறந்து, ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டு, டீ வைக்கிறேன் என்று அந்த அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினான். அவன் பாத்திரம் எடுக்கிற சத்தம் வெளியிலிருந்தும், காலியாக இருந்த அறையின் சத்தம் ஹெட்ஃபோனிலிருந்தும் வந்தது. ஒரே அறை. உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நின்றுகொண்டேன்.

முனகல் வந்தது. உன் குரல்தான், இப்போது சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. நின்றது. "அம்மா, கதவு தெறக்க மாட்டேங்குது. தெறம்மா." அன்றைக்கு நான் ஹெட்ஃபோனை எறிந்த இடம் அது. இந்தமுறை எறியவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் ஓடி வந்து கதவைத் திறக்கிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. என் காலடி இல்லை, என் அழுகை இல்லை, உன் அப்பாவின் தகரம்கூட இல்லை. சுத்தமான, பஞ்சு அடித்த மாதிரி ஒரு மௌனம். நீ இன்னொருமுறை, கொஞ்சம் சத்தமாக, "அம்மா" என்றாய். அப்புறம் ஒரு கனமான கதவு, ஃப்ரிட்ஜ் திறப்பதுபோல, காற்றை உறிஞ்சிக்கொண்டு திறந்தது. தொண்டை கட்டின குரலில் ஒருத்தி, "அஹோ ராஜே, உகடச் ஆஹே கீ!" என்றாள். திறந்துதானே இருக்கிறது என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பின் நடுவில் மூச்சை உள்ளே இழுத்தாள். நீயும் சிரித்தாய். ரெண்டு பேர் காலடியும் தூரமாகப் போயிற்று, டேப் தீர்ந்துவிட்டது.

மிலிந்த் டீயோடு வந்து, "நான் சொன்னேன் இல்ல, நீ சிரிக்கிறே" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவனிடம் வேறு என்ன சொல்வது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷமாக, அந்தக் கதவைத் திறக்க வேண்டியவள் நான், நான் சரியான நேரத்தில் அங்கே இல்லாவிட்டால் உனக்கு என்னவோ ஆகிவிடும் என்றே பயந்துகொண்டிருந்தேன். உன் வீட்டிலிருந்து என் வீடு எவ்வளவு தூரம், என் முழங்கால் எத்தனை நாள் தாங்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். டேப்பில் உனக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைத்தான் கூப்பிட்டாய், ரெண்டுமுறை கூப்பிட்டாய், நான் வரவில்லை. நான் அந்த வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று நீயும் யோசிக்காதே, நானும் யோசிக்கப்போவதில்லை. பழக்கத்தில் வாயில் அம்மா என்று வந்துவிட்டது, அவ்வளவுதான். அவள் வந்து திறந்தாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கேசட்டும் கொண்டு வருகிறேன், இட்லி மாவும் கொண்டு வருகிறேன். நீ அந்த அறைக்குள் உட்கார்ந்து முனகு, நான் ஹாலில் உட்கார்ந்து பாடுகிறேன். நான் ஹாலில் இருக்கிற நாள் அந்த நாள் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, பயமில்லை. உன் முனகலை நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறைகூட ஆசையாகக் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டும். பாட்டுகளைச் சுத்தம் செய்து கொடு, ஆனால் நிரவாதே. குப்பைப் பாட்டுகள் குப்பையாகவே இருக்கட்டும், அவை மட்டும்தான் என்னுடையவை.

வீட்டுக்கு வந்ததும் சாயலிக்கு ஃபோன் செய்தேன். மைதானத்தில் இருந்தாள், பிள்ளைகள் கத்துகிற சத்தம். நான் ஹிந்தியும் மராத்தியும் கலந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "என்னிக்காவது அவன் உள்ள இருந்து அம்மானு கூப்பிட்டா, எனக்காகக் காத்துகினு நிக்காத. நீ போய்த் தெற." அவள் விளையாட்டு என்று நினைத்து, மூச்சை உள்ளே இழுத்துச் சிரித்தாள். "ஆயி, அப்போ நீங்க எங்க போயிருப்பீங்க?" என்று கேட்டாள்.

பக்கத்து ரூமில்தான் இருப்பேன் என்று சொன்னேன்.

அம்மா